ஏரியைத் தூர்க்கும் கட்டளை

கோவில்பதாகை ஏரியை இரண்டு வழியில் மேடாக்கலாம். லாரி லாரியாக மண் கொட்டித் தூர்ப்பது ஒன்று. ஜிஐஎஸ் என்கிற புவியியல் தகவல் முறைமை மென்பொருளில் ‘ஃபில் சிங்க்ஸ்’ என்ற கட்டளையைத் தட்டுவது இன்னொன்று. இரண்டாவது வழியில் சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். தாசில்தார் வரமாட்டார், பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கு விழாது. ஓர் ஏரி காணாமல் போனது கட்டளை கொடுத்த மாணவருக்கே தெரியாமல் போகலாம்.

நிலத்தின் உயரத்தைக் கட்டம் கட்டமாகச் சொல்லும் கோப்பை மாணவர்கள் ‘டெம்’ என்பார்கள். அதை வைத்து மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கணிக்கும் பாடம் உலகம் முழுக்க ஜிஐஎஸ் படிப்பில் உண்டு. ஒரு கட்டத்தைச் சுற்றி எட்டுக் கட்டங்கள். அவற்றில் எந்தப் பக்கம் சரிவு அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் போகும். 1984இல் ஓகாலகனும் மார்க்கும் வெளியிட்ட இந்த முறையை ‘டி8’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சுற்றியுள்ள எட்டுமே உயரமாக இருந்துவிட்டால் தண்ணீர் அங்கேயே நின்றுவிடும், கணக்கும் நின்றுவிடும். அதனால் அப்படிப்பட்ட பள்ளங்களை அளவீட்டுப் பிழை என்று எடுத்துக்கொண்டு, விளிம்பு மட்டம்வரை நிரப்பிவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போவது வழக்கம். ஆறு அறுத்த மலைச்சரிவுகளில் இதனால் பெரிய தப்பு வராது. அங்கே தரவில் தெரியும் பள்ளங்களில் பெரும்பாலானவை உண்மையிலேயே பிழைதான்.

தொண்டை மண்டலத்தில் கதை வேறு. சென்னையை அடுத்த ஆவடி ரயில் நிலையத்துக்கு வடக்கே இருக்கிறது கோவில்பதாகை. தெற்கே பருத்திப்பட்டு ஏரி, கிழக்கே விளிஞ்சியம்பாக்கம், அதைத் தாண்டி அம்பத்தூர், கொரட்டூர், இன்னொரு பக்கம் புழல். அம்பத்தூர் நிரம்பினால் கொரட்டூருக்கு, கொரட்டூர் நிரம்பினால் ரெட்டேரிக்கு என்று ஓர் ஏரியின் உபரிதான் அடுத்த ஏரியின் வரத்து. தாழ்வான பக்கத்தில் கரை எழுப்பி, மேட்டுப் பக்கத்தைத் திறந்துவிட்டு, மதகு வைத்து, கலங்கல் கட்டி, மனிதர்கள் யோசித்து உண்டாக்கிய பள்ளங்கள் இவை. மென்பொருள் அத்தனையையும் பிழை என்று நிரப்பிவிட்டு, தட்டையான தரையின் மேல் நேர்நேராகச் சில நீல நிறக் கோடுகளைப் போட்டு, இவைதான் ஓடைகள் என்று காட்டும். அந்தக் கோட்டை நம்பி மழைநீர் வடிகால் போட்டால் என்ன நடக்கும் என்பதை ஆவடிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஜிஐஎஸ்ஸை மேலோட்டமாகப் படிப்பதும் ஆழமாகப் படிப்பதும் பிரிகிற இடம் இதுதான் என்பேன். எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதை ஆறு மாதச் சான்றிதழ் வகுப்பிலேயே கற்றுக்கொள்ளலாம். யூடியூப் போதும் என்பவர்களும் உண்டு. பொத்தானுக்குப் பின்னால் என்ன அனுமானம் ஒளிந்திருக்கிறது, அது நம்மூர் மண்ணுக்குப் பொருந்துமா என்று கேட்கப் பழக்குவதற்குத்தான் பல்கலைக்கழகம் வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்க இமயமலையைவிடக் கோவில்பதாகை கடினமான இடம்.

எவ்வளவு கடினம் என்று பார்க்க, ஒரு முதுநிலை மாணவி இந்த ஏரியை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். முதலில் அவருக்கு இலவசமாகக் கிடைப்பது எஸ்ஆர்டிஎம் தரவு. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினொரு நாள் சுற்றி, ரேடார் மூலம் எடுத்த உயர அளவுகள். ஒரு கட்டம் ஏறத்தாழ 30 மீட்டர். ஏரிக்கரையின் மேற்புறமோ ஒரு மாட்டு வண்டி போகும் அகலம்தான். முப்பது மீட்டர் கட்டத்துக்குள் கரையும், கரைக்கு இந்தப் பக்கத் தண்ணீரும், அந்தப் பக்க மனையும் ஒன்றாகக் கலந்து ஒரே சராசரி எண்ணாகிவிடும். தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் கரையே கணினிக்குக் கண்ணில் படாது. அடுத்தது, அந்த ரேடார் கண்டது தரையை அல்ல, மேலே இருந்ததை: மரத்தின் உச்சியும் மொட்டை மாடியும் அந்த எண்ணில் சேர்ந்திருக்கும். பெரிய நீர்நிலைகளை அந்தத் தரவைச் சரிபார்த்தவர்கள் ஒரே மட்டமாகத் தேய்த்தும் விட்டார்கள். அதனால் ஏரி ஒரு தட்டையான தகடாகத்தான் தெரியும், அடியாழம் தெரியாது. இத்தனைக்கும் மேலே செங்குத்துப் பிழை இருக்கிறது. அந்தத் திட்டம் தனக்கு வகுத்துக்கொண்ட வரம்பே 16 மீட்டர். சமவெளியில் பிழை அதைவிட நன்றாகக் குறையும் என்றாலும் சில மீட்டர் வரும். இந்தப் பகுதியில் நிலம் கடலை நோக்கிச் சரிவதோ கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில். சரிவைவிடப் பிழை பெரிது. மலையில் ஐந்து மீட்டர் பிழையைப் பற்றி யாரும் கவலைப்படமாட்டார்கள். இங்கே ஐந்து மீட்டர் பிழை என்றால் தண்ணீர் கிழக்கே போவதற்குப் பதில் மேற்கே போகும்.

சரி, ஜிபிஎஸ் கருவியைத் தூக்கிக்கொண்டு நேரில் போய் அளந்துவிடலாம் என்று அவர் கிளம்பினால் முதல் அதிர்ச்சி அங்கே காத்திருக்கும். கணக்குத் திருத்தம் எதுவும் செய்யாமல் டிஜிபிஎஸ் எனும் துல்லிய ஜிபிஎஸ் தரும் உயரம் கழித்தல் குறியோடு வரும். ஆவடியே கடலுக்கடியில் இருப்பதாகக் காட்டும். கருவியில் பழுது இல்லை. அது உயரத்தைக் கணக்கிடுவது பூமிக்குப் பொருத்தமாக வகுத்த ஒரு கற்பனை நீள்கோளத்திலிருந்து. கடல் மட்டமோ புவியீர்ப்புக்கு ஏற்ப மேடும் பள்ளமுமாக இருக்கும். உலகிலேயே ஈர்ப்பு சார்ந்த மிகப் பெரிய பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது: நீள்கோளத்திலிருந்து 106 மீட்டர் தாழ்வு. அதன் விளிம்பில் இருக்கும் சென்னையிலும் கடல் மட்டம் நீள்கோளத்துக்கு எண்பது, தொண்ணூறு மீட்டர் கீழே. இதைச் சரிசெய்யும் ‘ஜியாய்ட்’ மாதிரியை மூன்றாம் பருவத்தில் ஒரு தாளாகப் படித்திருப்பார். கருவித் திரையில் கழித்தல் குறியைப் பார்த்த பிறகு அந்தத் தாளை மறக்கமாட்டார்.

ட்ரோன் விட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, விமானப் படை நிலையம், போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் என்று பாதுகாப்புத் துறை இடங்கள் சூழ்ந்திருக்கின்றன. மாணவர் நினைத்தபோது பறக்கவிடும் வானம் அல்ல இது. ஆகவே கடைசியில் முக்காலியும் லெவல் கருவியும் அளவுக் கோலும்தான் கை கொடுக்கும். கலங்கலின் மேல் மட்டம் எவ்வளவு, மதகின் அடி மட்டம் எவ்வளவு, கரையில் எந்த இடம் தாழ்ந்திருக்கிறது என்று சில்லறையாகச் சில புள்ளிகள் எடுத்து வந்தால் போதும். அந்தப் புள்ளிகளை டெம்மில் புகுத்தி, கரையைச் சுவராக எழுப்பி, கலங்கலைத் திறந்து விட்டு, பிறகு கணக்கை ஓட்டினால் ஏரி ஏரியாக நடந்துகொள்ளும். நிரம்பும்வரை பிடித்து வைக்கும், நிரம்பியதும் கலங்கல் வழியே மட்டும் விடும்.

கருவி எடுக்காத தரவும் ஊரில் கிடைக்கும். “அண்ணா, போன மழையில தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?” என்று ஏரியோரத் தெருவில் கேட்டால் சுவரில் உள்ள கறையைக் காட்டுவார்கள், இரண்டாவது படிக்கட்டைக் காட்டுவார்கள், மீட்டர் பெட்டியைக் காட்டுவார்கள். அந்தக் கறையின் உயரத்தை லெவல் கருவியில் எடுத்துவிட்டால் அது ஒரு சான்று. 2015 வெள்ளத்தின்போது ஓபன்ஸ்ட்ரீட்மேப் ஆர்வலர்கள் தண்ணீர் நின்ற தெருக்களை மக்களையே குறிக்கச் சொல்லி இணையத்தில் ஒரு வரைபடம் தயாரித்தார்கள். அரசு வரைபடத்துக்குக் காத்திருக்காமல் மக்கள் தங்கள் தெருவைச் சிவப்பாக்கிக்கொண்டே போனார்கள். அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் கடலோர ஆராய்ச்சிக்கான தேசிய மையம் பிற நிறுவனங்களோடு சேர்ந்து ‘சி-ஃபுளோஸ்’ என்ற வெள்ள முன்னறிவிப்பு முறையை 2019இல் சென்னைக்குக் கொண்டுவந்தது. அதன் அடித்தளமும் ஜிஐஎஸ்தான். அதை உருவாக்கியதில் சென்னை ஐஐடிக்கும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் பங்கு உண்டு.

நில அளவைப் படிப்புக்குச் சென்னை ஒன்றும் புதிதல்ல. மைக்கேல் டாப்பிங் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அளவையாளரின் யோசனையில் 1794இல் கோட்டைப் பக்கம் எட்டு மாணவர்களோடு தொடங்கிய சர்வே பள்ளிதான் இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி. எட்டு ஆண்டு கழித்து, 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலை அடிவாரத்தில் சங்கிலி போட்டு இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். பெரும்பாக்கம் பக்கம்வரை சுமார் 12 கிலோமீட்டர் நீளமான அடிக்கோடு அது. அவர் பயன்படுத்திய நூறடி எஃகுச் சங்கிலிக்கும் ஒரு கதை உண்டு. பிரிட்டிஷ் தூதுக்குழு சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய், அங்கே வேண்டாம் என்று திருப்பியனுப்பப்பட்ட கருவிகளில் ஒன்று. வேண்டாம் என்று ஒதுக்கியதை வைத்துத்தான் ஒரு துணைக்கண்டத்தை அளக்கத் தொடங்கினார்கள். அன்று லாம்ப்டனின் தலைவலியும் நம் மாணவியின் தலைவலியும் ஒன்றுதான். வெயிலில் சங்கிலி நீளும், அதற்கு எவ்வளவு திருத்துவது? அளந்ததோடு பிழையையும் அவர் கணக்குப் போட வேண்டியிருந்தது.

இன்று அதே கிண்டி வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் இயங்குகிறது. பி.இ. ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் தனிப் பாடப்பிரிவாகவே உண்டு. சென்னைப் பல்கலைக்கழகப் புவியியல் துறை, திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம் என்று கணினியோடு களமும் தெரிந்த இடங்கள் இன்னும் இருக்கின்றன. 2022 முதல் கேட் தேர்விலும் ஜியோமேடிக்ஸுக்குத் தனித் தாள் வந்துவிட்டது.

இப்படியொரு பரம்பரை இருந்தும், நம் வகுப்பறைகள் கோட்டை விடுகிற ஓர் இடம் பழைய காகிதம். கோவில்பதாகை மாதிரி ஊருக்குக் கிராம வரைபடம் உண்டு, ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எஃப்எம்பி என்கிற புலப்படச் சுவடி உண்டு, ஏரிப் புறம்போக்கு எவ்வளவு என்று சொல்லும் அ-பதிவேடு உண்டு. பழைய கிராம வரைபடங்கள் ஒரு மைலுக்குப் பதினாறு அங்குலம் என்ற அளவில் வரையப்பட்டவை. அவ்வளவு விரிவான வரைபடம் கையில் இருக்கிறதே என்று மகிழ்ந்து திரையில் ஏற்றினால் அடுத்த சிக்கல். எஃப்எம்பியில் அட்சரேகை, தீர்க்கரேகை எதுவும் கிடையாது. குறுக்கே ஒரு கோடு போட்டு, அதிலிருந்து இத்தனை இணைப்பு வலது, இத்தனை இணைப்பு இடது என்று சங்கிலிக் கணக்கில் வரைந்தது. ஒவ்வொரு புலமும் தனித்தனித் தீவு. பக்கத்துப் புலத்தோடு ஒட்டினால் ஓரிடத்தில் இடைவெளி விழும், இன்னோரிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய டோப்போ தாள்களோ 1830இல் எவரெஸ்ட் என்ற அளவையாளர் வகுத்த நீள்கோளத்தில் இருப்பவை. ஜிபிஎஸ் பேசும் மொழி டபிள்யூஜிஎஸ் 84. இரண்டையும் மாற்றாமல் அடுக்கினால் சென்னைப் பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் விலகும். கரை மேல் இருப்பவர் ஏரிக்குள் இருப்பதாகத் தெரிவார். ஆக்கிரமிப்பு வழக்கில் இந்த நூறு மீட்டர் ஒருவருடைய வீடு. நீள்கோளத்தை மாற்றத் தெரியாதவர் தயாரித்த வரைபடம் நீதிமன்றத்தில் போய் நிற்கக் கூடாது.

செயற்கைக்கோள் பக்கமும் இதே கதைதான். ஐரோப்பாவின் சென்டினல்-2 பத்து மீட்டர் துல்லியத்தில் இலவசமாகப் படம் தருகிறது. பச்சை ஒளியையும் அகச்சிவப்பையும் ஒப்பிட்டுத் தண்ணீரைப் பிரித்துக் காட்டும் என்டிடபிள்யூஐ குறியீடு முதல் பருவத்திலேயே சொல்லிக்கொடுப்பது. சென்னைப் புறநகர் ஏரிகளில் ஆகாயத்தாமரை படர்ந்துவிட்டால் அந்தக் குறியீடு ஏரியைப் புல்வெளி என்று சொல்லும். ஏரி சுருங்கிவிட்டது என்று பட்டியல் போட்டு ஆய்வேடே எழுதிவிடலாம், களத்துக்குப் போகாதவரை. நவம்பர், டிசம்பரில் வெள்ளம் வரும்போது வானம் மூடியிருக்கும், அந்தப் படமும் கிடைக்காது. அப்போது மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் வேண்டும். வெட்டவெளியில் தேங்கிய தண்ணீர் ரேடாரில் கறுப்பாகத் தெரியும் என்று புத்தகம் சொல்கிறது. வீடுகளுக்கு நடுவே தேங்கினால் அலை தண்ணீரில் பட்டுச் சுவரில் மோதித் திரும்பி, வெள்ளையாகத் தெரியும். கறுப்பை மட்டும் தேடுகிறவருக்கு மூழ்கிய தெரு காய்ந்த தெருவாகப் படும். 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் ரேடார் செயற்கைக்கோள் இன்னும் நீண்ட அலைநீளத்தில் பார்க்கிறது. கருவி எத்தனை மாறினாலும் சுவரும் தண்ணீரும் சேர்ந்து செய்கிற இந்த வேலையைப் புரிந்துகொள்ளாமல் படத்தைப் படிக்க முடியாது.

‘ஸ்பேஷியல் அனாலிசிஸ்’ என்ற பெயரைக் கேட்டு மிரள்பவர்கள் பெரும்பாலும் புள்ளியியலுக்குத்தான் மிரள்கிறார்கள். அதன் மூலக்கருத்தை 1970இல் வால்டோ டோப்ளர் சொல்லிவிட்டார்: எல்லாமே ஒன்றோடொன்று தொடர்புடையவை, பக்கத்தில் இருப்பவை இன்னும் அதிகமாக. சாதாரணமாகப் படுகிற இந்த விஷயம் கல்லூரியில் படித்த புள்ளியியலின் காலை வாரிவிடுகிறது. நூறு வீடுகளில் டெங்கு கணக்கு எடுத்தால் நூறு தனித்தனிச் சாட்சிகள் என்று பழைய சூத்திரம் எடுத்துக்கொள்ளும். ஒரே தெருவில் ஒரே சாக்கடை ஓரத்தில் இருக்கும் நூறு வீடுகள் நூறு சாட்சி ஆகாது. ஒரே குடும்பத்தில் பத்துப் பேரிடம் கேட்டுவிட்டுத் தொகுதி முடிவு சொன்ன கதையாகிவிடும். பக்கத்து வீடுகள் எவ்வளவு தூரம் ஒத்துப்போகின்றன என்பதை அளக்கத்தான் மொரான் 1950இல் ஓர் எண்ணைக் கொடுத்தார். இன்றும் மாணவர்கள் முதலில் ஓட்டிப் பார்ப்பது மொரான் குறியீட்டைத்தான்.

அதைவிட எனக்குச் சுவையாகப்படுவது எல்லைகள் செய்யும் குறும்பு. ஆவடி 2019இல் மாநகராட்சியானது, 48 வார்டுகள். அதே நோய்க் கணக்கை வார்டு வாரியாகப் போட்டால் ஒரு படம் வரும், வருவாய்க் கிராமம் வாரியாகப் போட்டால் வேறு படம் வரும், ஏரிகளின் நீர்ப்பிடிப்பு வாரியாகப் போட்டால் மூன்றாவது படம் வரும். மூன்றிலும் ஒரே நோயாளிகள்தான். எண்கள் பொய் சொல்லவில்லை, கோட்டை எங்கே போட்டோம் என்பதில்தான் விஷயம். கொசுவுக்கு வார்டு எல்லை தெரியாது என்பதால் மூன்றாவது படத்துக்குத்தான் நான் வாக்களிப்பேன். ஆனால் நிதி ஒதுக்குவது வார்டு கணக்கில். மக்கள்தொகையோ இன்னும் மோசம்: 2011 கணக்கெடுப்பில் ஆவடியில் 3,45,996 பேர். 2021இல் வந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. அதற்குள் ஏரியோர வயல்கள் எத்தனையோ நகர்களாகிவிட்டன. கட்டடங்களை வானிலிருந்து பார்த்து, வீட்டுப் பகுதி எது, தொழிற்சாலை எது, ராணுவக் குடியிருப்பு எது என்று பிரித்து, பழைய எண்ணிக்கையை அவற்றுக்குள் பங்கிட்டுப் போடும் வித்தை ஒன்று இருக்கிறது. ‘டாசிமெட்ரிக்’ என்பார்கள். ஆம்புலன்ஸ் எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு வார்டு சராசரியைவிட அது நம்பகமான விடை.

படித்தால் வேலை உண்டா? உண்டு, ஆனால் பெரும்பாலும் முதல் வேலை சலிப்பு வேலை. வெளிநாட்டுக் கம்பெனிகளின் மின் கம்பத்தையும் குழாயையும் திரையில் வரைந்து கொடுக்கும் அலுவலகங்கள் சென்னையில் ஏராளம். அங்கே போய் உட்கார்ந்தால் டி8 தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே இருக்கைதான். இன்னொரு பக்கம் தேவை வேறு மாதிரி வளர்கிறது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவின் எல்லை 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. அந்தப் பரப்பு முழுக்க ஏரியும் ஓடையும் மேய்ச்சல் புறம்போக்கும் கிடக்கின்றன. அவற்றைத் திரையில் சரியாக வைத்துக் காட்டத் தெரிந்த ஆள் வேண்டும். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபடக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பிறகு, முன் அனுமதிக்கு அலையாமல் இந்திய மாணவர் அளந்ததை வெளியிட முடிகிறது. மென்பொருளுக்கும் காசு தடையில்லை. 2002இல் தொடங்கிய கியூஜிஐஎஸ் இலவசம். டேராடூனிலுள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழியில் கட்டணமில்லாமலேயே பாடம் நடத்துகிறது. ஆக, குறைவது தரவோ கருவியோ அல்ல. களத்துக்குப் போகும் பழக்கம்தான்.

அதற்கு ஒரு சின்னத் தடை கால அட்டவணையில் இருக்கிறது. முதுநிலைப் பொறியியலில் ஆய்வேட்டின் முதல் கட்டம் ஜூலையிலிருந்து நவம்பர்வரை, இரண்டாம் கட்டம் ஜனவரியிலிருந்து மேவரை. முதல் கட்டத்தில் பெரும்பாலானோர் செய்வது பிறர் எழுதிய கட்டுரைகளைத் தொகுப்பது. வெளியே வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது மாணவர்கள் நூலகத்தில் சீனாவின், ஈரானின் ஆற்றுப் படுகைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். தொகுக்கும் வேலையைக் கோடை விடுமுறையில் முடித்துக்கொண்டு வரச் சொன்னால் நவம்பரில் அவர்களைக் கலங்கலில் நிறுத்தலாம்: அளவுக்கோலை நட்டு, மழை பெய்த நேரத்தையும் தண்ணீர் ஏறிய உயரத்தையும் குறிக்கட்டும். ஏரி இறங்கும் ஏப்ரல், மே மாதங்களில் அதே மாணவர்கள் லெவல் கருவியோடு உள்ளே நடந்து, எந்தச் செயற்கைக்கோளும் தராத அந்த அடியாழத்தைப் புள்ளி புள்ளியாக எடுத்து வரட்டும். நேர்முகத் தேர்வை ஜூனில் வைத்துக்கொள்ளலாம். புறத் தேர்வாளரை மடிக்கணினி முன்னால் உட்காரவைப்பதற்கு முன்பு ஒருமுறை கரைக்கு அழைத்துப் போவதும் நல்லது.